காய் ஒதுக்குகிறவர்கள் வீட்டுக்கு ஒரு வார்ப்பிரும்பு வாணலி

சாம்பாரில் கிடக்கும் காயைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, பொரியலைத் தொடாமல், உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கும் பெரியவர்கள் பல வீடுகளில் உண்டு. முப்பது, நாற்பது வயதுக்கு மேல் இது எங்கே மாறப்போகிறது என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் விரும்பிச் சாப்பிடும் அந்த ஒரு பதார்த்தத்தை எப்படிச் சமைக்கிறோம் என்று கவனித்தால் வழி தெரியும். உருளைக்கிழங்கு வறுவல் என்றால் இரும்புச் சட்டியை எடுக்கிறோம். தாராளமாக எண்ணெய் விடுகிறோம். மூடி போடாமல், அவசரப்படாமல், ஓரம் முறுகும்வரை அடுப்படியிலேயே நிற்கிறோம். அதே வீட்டில் பீன்ஸுக்கும் கோசுக்கும் ஒரு கை தண்ணீரைத் தெளித்து மூடி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறோம். காய் பிடிக்காது என்று சொல்பவர்களில் பலருக்குப் பிடிக்காதது, தன் தண்ணீரிலேயே வெந்து துவண்டுபோன காய்தான்.

அப்படிப்பட்டவர்களுக்காக ஒரு பாத்திரம் வாங்குவதென்றால் அது பத்து அங்குல வார்ப்பிரும்பு வாணலியாக இருக்கட்டும். எந்தக் கம்பெனி என்பது இரண்டாம்பட்சம். எடை, அடிப்பாகம், வார்ப்பின் நேர்த்தி இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதும்.

காலிஃபிளவரிலும் கோசிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். வாணலியில் அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கும்வரை காயின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் வர மேற்பரப்பு 140 டிகிரியை ஒட்டிப் போக வேண்டும். பிரான்சைச் சேர்ந்த லூயி கமீல் மையார் 1912-ல் விவரித்த வேதிவினை அது. தோசையின் முறுகலும் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனையும் அதே வினையால் வருவதுதான். மெல்லிய அலுமினியச் சட்டியில் முந்நூறு கிராம் காயைக் கொட்டினால் சட்டியின் சூடு சட்டென்று இறங்கிவிடும், காய் தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே வேகத் தொடங்கிவிடும். வார்ப்பிரும்பு சூட்டை வேகமாகக் கடத்தாது. அந்த வகையில் அலுமினியம் அதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் இரண்டு இரண்டரைக் கிலோ இரும்பு ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், காயைப் போட்ட பிறகும் சூடு எளிதில் இறங்காது. காய் விடும் தண்ணீர் தேங்குவதற்குள் ஆவியாகிவிடும்.

கடையில் வாங்கும்போது முதலில் தூக்கிப் பாருங்கள். பத்து அங்குலத்தில் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாக இருந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இரண்டரைக் கிலோவே சிரமம்தான், அவர்கள் எட்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அடி தட்டையாக, அகலமாக இருக்கட்டும். குழிவான அடியில் எண்ணெய் நடுவில் தேங்கி, காய் குவிந்து, அடியில் உள்ளது மட்டும் கருகும். இண்டக்ஷன் அடுப்புக்கும் தட்டை அடிதான் ஒத்துவரும். சமதளத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள். விரல் கணுவால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சத்தம் மொத்தென்று செத்துப்போய்க் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கலாம். உட்புறம் நைஸ் மணற்காகிதம் போலச் சொரசொரப்பாக இருந்தால் பரவாயில்லை, பழகப் பழக வழவழப்பாகிவிடும். விரல் நுனியில் தட்டுப்படும் குழிகள் இருந்தால் வேண்டாம். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் கருப்பு மை போல வழித்துக்கொண்டு வரும் வாணலியையும் தவிர்த்துவிடுங்கள், பளபளப்புக்காக ஏதோ பூசியிருப்பார்கள்.

பழக்கியே விற்கும் வாணலி விலை கூடுதல். பழக்காததை வாங்கி வீட்டிலேயே பழக்கிக்கொள்ளலாம், அரை நாள் வேலைதான். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைக்க வேண்டும். அரை டீஸ்பூன் எண்ணெயை உள்ளும் புறமும் பிடியிலும் தேய்த்து, பிறகு காய்ந்த துணியால் எண்ணெயே தடவாதது போலத் தோன்றும்வரை துடைத்துவிட வேண்டும். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். எண்ணெய் தடித்துப் படிந்தால் அது இறுகாமல் பிசுபிசுப்பாக நின்றுவிடும், அதன் மேல் தூசியும் ஒட்டும். துடைத்ததை மிதமான தீயில் புகை வந்து அடங்கும்வரை வைத்து ஆறவிடுங்கள். இப்படி நான்கைந்து முறை. சூட்டில் எண்ணெய் மாறி இரும்போடு இறுகி, மெல்லிய கருந்தோலாகப் படியும். சூரியகாந்தி எண்ணெய் இதற்கு நன்றாக வேலை செய்யும். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி இரண்டு மூன்று நாள் வைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, பிறகு வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி எடுக்கும் பாட்டி காலத்து முறையும் நல்லதுதான். ஆனால் எண்ணெயைக் காயவிடும் படியை அதன் பிறகும் செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் முதல் வாரமே துரு தலைகாட்டும்.

வாணலி தயார் என்றால் முதல் காய் காலிஃபிளவர். கசப்பு இல்லை, வழவழப்பு இல்லை, வெட்டினால் தட்டையான முகம் கிடைக்கும். உருளைக்கிழங்கு மட்டுமே சாப்பிடும் நாக்குக்கு இதைவிடப் பக்கத்து வீடு வேறு இல்லை. நம் வீடுகளில் புழுவுக்குப் பயந்து உப்பும் மஞ்சளும் கலந்த வெந்நீரில் போட்டெடுப்போம். அது சரிதான். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஊறக் கூடாது, எடுத்ததும் அப்படியே வாணலிக்குப் போகவும் கூடாது. துணியில் பரப்பி அரை மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே வைத்தால்தான் மடிப்புகளுக்குள் இருக்கும் தண்ணீர் போகும்.

பூவை நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கமாவது தட்டையாக வரும்படி வெட்டிக்கொள்ளுங்கள். வாணலியைச் சிறுதீயில் ஐந்து நிமிடம் வெறுமனே காயவிட வேண்டும். தொடக்கத்திலேயே பெருந்தீ வைத்தால் நடு காய்ந்து ஓரம் காயாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உருண்டு ஓடி மறைய வேண்டும். இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, 250 கிராம் துண்டுகளைத் தட்டை முகம் கீழே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்குங்கள். பிறகு நான்கு நிமிடம் கரண்டியைத் தொடக் கூடாது. கிளறாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. கிளறிக்கொண்டே இருந்தால் எந்த முகமும் 140 டிகிரியை எட்டாது.

கண்ணைவிடக் காதுதான் இங்கே உதவும். காய் விழுந்தவுடன் சுரீரென்று ஒரு சத்தம் வரும், பிறகு அது சீராகச் சடசடவென்று தொடர வேண்டும். சத்தம் மந்தமாகிக் கொதிப்பது போலக் கேட்டால் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள்: காய் அதிகம் அல்லது சூடு குறைவு. பாதியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுத் தீயைக் கூட்டினால் காப்பாற்றிவிடலாம். சடசடப்பு மெல்லத் தேய்ந்து, கடலை வறுபடும் வாசனை எழும்போது ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் அடர்ந்த பழுப்பும் நடுவில் தேன் நிறமும் வந்திருந்தால் எல்லாவற்றையும் திருப்பலாம். மறுபக்கம் மூன்று நிமிடம். அரை டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மிளகுத்தூள், ஒரு கொத்துக் கறிவேப்பிலை கடைசி நிமிடத்தில். மிளகாய்த்தூளைத் தொடக்கத்திலேயே போட்டால் கருகிக் கசக்கும். அந்தக் கசப்புக்கும் பழி காயின் மேல்தான் விழும்.

அடுத்தது வெண்டைக்காய். இதை வெறுப்பவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றே: கொழகொழப்பு. வெண்டையின் உள்ளே இருக்கும் கூட்டுச்சர்க்கரை நீரோடு சேரும்போது பிசினாக இழைகிறது. ஆகவே நீரைச் சேர்க்கும் எந்தச் செயலும் எதிரிதான்: வெட்டிய பின் கழுவுவது, மூடி போடுவது, முதலிலேயே உப்புப் போடுவது. நுனி பட்டென்று ஒடியும் பிஞ்சாக 250 கிராம் எடுத்து, முழுசாகக் கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒரு மணி நேரம் துணியில் கிடத்துங்கள். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டுங்கள். மெல்லிய வட்டமாக வெட்டினால் வெட்டுமுகம் அதிகம், பிசினும் அதிகம். காய்ந்த வாணலி, இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய், மிதத்துக்குச் சற்று மேலான தீ. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் புரட்டிவிட வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் நூல் நூலாக இழையும், பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும். அப்போதுதான் பலரும் பதறித் தண்ணீர் தெளிக்கிறார்கள் அல்லது இடைவிடாமல் கிளறி உடைத்துவிடுகிறார்கள். விட்டுவிடுங்கள். எட்டு ஒன்பது நிமிடத்தில் இழை காய்ந்து மறைந்து, பன்னிரண்டாவது நிமிடத்தில் ஓரம் முறுகியிருக்கும். உப்பு அப்போது. எலுமிச்சைச் சாறு விடுவதாக இருந்தால் வேறு பாத்திரத்துக்கு மாற்றிய பிறகு.

முட்டைகோசின் பிரச்சினை வாசனை. கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம். எல்லாவற்றிலும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. நீண்ட நேரம் வேகும்போது அவை உடைந்து, அழுகிய முட்டையை நினைவூட்டும் வாசனையைக் கிளப்பும். நேரம்தான் மருந்து: ஒரு சென்டிமீட்டர் அகலக் கீற்றுகளாக வெட்டி, பெருந்தீயில், 150 கிராம் வீதம் இரண்டு தடவையாக, நான்கு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஓரம் கருகலாக, நடு மொறுமொறுப்பாக, இனிப்பாக இருக்கும். பீட்ரூட்டின் மண்வாசனை வேறு விஷயம். முதல் மழை விழும்போது மண்ணிலிருந்து எழும் அதே ஜியோஸ்மின் என்ற சேர்மம்தான் அதிலும் இருக்கிறது. புளிப்புப் பட்டால் அது குறையும். தோலைத் தடிமனாகச் சீவி, வதக்கி இறக்கி, கிண்ணத்தில் வைத்து எலுமிச்சை பிழிந்தால் போதும்.

காயின் தொடுவுணர்வே பிடிக்காதவர்களுக்கு நம் சமையலில் ஏற்கெனவே ஒரு பாலம் இருக்கிறது: பருப்பு உசிலி. இரும்பு வாணலிக்கென்றே பிறந்தது போன்ற பதார்த்தம். 100 கிராம் துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுக்க வடித்து, இரண்டு காய்ந்த மிளகாய், பெருங்காயம், உப்புடன் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். இட்லித் தட்டில் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவிட்டு, ஆறியபின் உதிர்க்க வேண்டும். சூடாக உதிர்த்தால் களியாகும், நைஸாக அரைத்தாலும் களிதான். 250 கிராம் பீன்ஸைப் பொடியாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் திறந்தபடி ஐந்து நிமிடம் வேகவைத்து, வடித்து, ஈரம் போகப் பரப்புங்கள். வாணலியில் மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கடுகு தாளித்து, பருப்பை மட்டும் பத்து நிமிடம் உதிரி உதிரியாகப் புரட்டி, பிறகு பீன்ஸ். முதல் வாரம் இந்த அளவு. காயின் கடிப்பு பழகியபின் பருப்பை 75, பிறகு 50 கிராமாகக் குறைத்துக்கொண்டே வரலாம். மத்து போட்டு மசித்துச் சாம்பாரில் மறைப்பதைவிட இது எவ்வளவோ மேல். மறைத்துக் கொடுத்தால் காய் வயிற்றுக்குள் போகும், நாக்குக்கு அறிமுகமாகாது.

வாணலியைப் போல நாக்கையும் பழக்க வேண்டும், அதற்கும் மெல்லிய பூச்சாகப் பல தடவைதான் வழி. ஒரு பெரிய கிண்ணத்தை முன்னால் வைத்து முடிக்கச் சொல்லக் கூடாது. பசி உச்சத்தில் இருக்கும்போது, சாப்பாட்டின் தொடக்கத்தில், இரண்டு துண்டு. பக்கத்தில் அவருக்குப் பிடித்த ரசம் சாதமோ அப்பளமோ இருக்கட்டும். அதே காய், அதே பக்குவம், வாரத்தில் மூன்று முறை. பத்து முறை ஆகும்வரை பிடித்ததா இல்லையா என்று கேட்காதீர்கள். பலமுறை சுவைத்த உணவின்மேல் விருப்பம் கூடும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அது பழகிய பின், காலிஃபிளவரை ஏழு நிமிடத்துக்குப் பதில் ஆறு, பிறகு ஐந்து நிமிடத்தில் எடுத்துப் பாருங்கள். முறுகலிலிருந்து மென்மைக்கு ஒவ்வொரு படியாக இறங்குவது எளிது. தேங்காய்த் துருவல் போட்ட சாதாரணப் பொரியலுக்கு அங்கிருந்து ஓரிரு படிதான்.

இதில் நாக்குக்கு நாக்கு வித்தியாசம் உண்டு என்பதை வீட்டில் இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1931-ல் டூபாண்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் கையாண்ட ஒரு பொடி காற்றில் பறந்தபோது, உடன் வேலை செய்தவருக்கு அது கடுங்கசப்பாக இருந்தது. ஃபாக்ஸுக்கு எந்தச் சுவையும் தெரியவில்லை. டிஏஎஸ்2ஆர்38 என்ற மரபணுவின் வேறுபாடுதான் இதற்கு முக்கியக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. கோஸ், முள்ளங்கி போன்றவற்றின் லேசான கசப்பும் சிலருக்கு இப்படித்தான் தூக்கலாகத் தெரியும். ‘நடிக்கிறான்’ என்று சொல்வது நியாயமில்லை. அதேபோல, நான்கைந்து உணவுக்கு மேல் எதுவுமே இறங்காமல் குமட்டுவது, எடை குறைவது, தொண்டையில் சிக்கிவிடும் என்று அஞ்சுவது இவையெல்லாம் பிடிவாதம் அல்ல. வாணலியால் தீராது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி குறைகள். பத்து அங்குலத்தில் ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் போட முடியாது, நான்கு பேர் வீட்டில் இரண்டு தடவை வறுக்க வேண்டிவரும். இரு பக்கப் பிடியும் அடுப்புப் போலச் சுடும், பிடிதுணி இல்லாமல் தொடக் கூடாது. புகை கிளம்பும், ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு, ரசம் எதையும் இதில் கொதிக்கவிடக் கூடாது. புளிப்பு அந்தக் கருந்தோலைத் தின்றுவிடும், உணவிலும் இரும்பு வாடை ஏறும். கத்தரிக்காய், வாழைக்காய், வாழைப்பூ இவற்றின் துவர்ப்புச் சேர்மங்கள் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அதைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் ஏற்கெனவே தயங்கும் ஒருவர் முன்னால் கருநீலக் கத்தரிக்காயை வைப்பது வேண்டாத வேலை. கீரைக்கு மண்சட்டிதான். சமைத்த எதையும் வாணலியிலேயே விட்டுவைக்காமல் உடனே மாற்றிவிட வேண்டும். உணவில் கொஞ்சம் இரும்புச்சத்து கூடுவது பலருக்கு நல்லதே; உடலில் இரும்பு அதிகம் சேரும் நோய் உள்ளவர்களும் தலசீமியாவுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் சமைக்க வேண்டாம்.

கழுவுவது பலர் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. சூடு ஆறியதும் வெந்நீர், தேங்காய் நார், தேவைப்பட்டால் சிறிது சோப்பு. கொதிக்கும் வாணலியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வெடித்துவிடும் ஆபத்து உண்டு. கழுவியதும் அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள். சிங்க்கில் ராத்திரி முழுக்க ஊறவிட்டால் காலையில் செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்கும். தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பழக்கினால் சரியாகிவிடும், தூக்கிப்போட வேண்டியதில்லை.

இதைப் பராமரிக்கப் பொறுமை இல்லாதவர்கள் மூன்றடுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாணலியை வாங்கலாம். சூடு ஓரளவு நிற்கும், புளிப்புக்கும் அஞ்சாது. நன்றாகக் காயாமல் காயைப் போட்டால் மட்டும் அடிப்பிடிக்கும். நான்ஸ்டிக் இந்த வேலைக்குப் பொருந்தாது, வெறுமனே ஐந்து நிமிடம் காயவைப்பதே அதன் பூச்சுக்குக் கேடு. ஏர் ஃப்ரையரில் வெண்டையும் காலிஃபிளவரும் குறைந்த எண்ணெயில் நன்றாக வரும். கோஸ் கீற்றுகள் மட்டும் காற்றில் பறந்து காய்ந்து சருகாகும். தாளிக்கவோ பொடி போட்டுப் புரட்டவோ மறுபடி ஒரு சட்டி வேண்டும்.

பாகற்காயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது மாதத்துக்கு முன்னால் வேண்டாம். 250 கிராம் பாகற்காயை விதை நீக்கி மூன்று மில்லிமீட்டர் வளையங்களாக அரிந்து, ஒரு டீஸ்பூன் உப்பில் பிசறி அரை மணி நேரம் வைத்தால் பச்சை நீர் இறங்கும். கையால் அழுத்திப் பிழிந்து கொட்டிவிடுங்கள். கசப்பில் ஒரு பங்கு அந்த நீரோடு போகும். காயில் தங்கும் உப்பு, மிச்சக் கசப்பு நாக்கில் தெரிவதை அடக்கும்; இந்த வேலையில் சர்க்கரையைவிட உப்புக் கெட்டிக்காரன். மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெயில், மிதமான தீயில், பதினைந்து நிமிடம், முறுகும்வரை. இறக்கும்போது அரை டீஸ்பூன் வெல்லத் தூளும் கால் டீஸ்பூன் மிளகாய்த்தூளும் தூவி ஒரு புரட்டு. வேறு உப்பு வேண்டாம். தயிர் சாதத்தைப் பிசைந்து தயாராக வைத்துக்கொண்டு பிறகு வாணலியை இறக்குங்கள். பத்து நிமிடம் தாண்டினால் நமுத்துவிடும்.